வான்கோழிக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: ஒன்ராறியோவில் இருக்கும் தம்பி காட்டு வான்கோழி வேட்டைக்குத் தோட்டா தேடுகிறார். எது நல்லது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உடம்பில் சுட்டால் பறவை காயத்தோடு ஓடித் தப்பிவிடும், குறி தலையும் கழுத்தும்தான். எனவே சில பெரிய சன்னங்களைவிட, நெருக்கமாய்ப் பாயும் பல நடுத்தரச் சன்னங்களே உதவும். 12 போர் துவக்குக்கு 3 அங்குலத் தோட்டா, 5ஆம் இலக்க ஈயச் சன்னம் என் தெரிவு. இலக்கம் கூடினால் சன்னம் சிறுக்கும். பெட்டியில் அச்சடித்த பெருமையை நம்பாமல், 40 யார் தூரத்தில் கடதாசிக்குச் சுட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு துவக்கும் சன்னத்தை ஒவ்வொரு விதமாய் விரிக்கும். அங்கே அற்றுப்போய், 1984இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பறவை இது, அனுமதிப்பத்திரம் கட்டாயம்.

உங்கள் தோட்டத்து மயிலில் இதைப் பரீட்சிக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குக் காவல்.