நினைவாற்றலுக்கு மூலிகை மருந்து வேண்டுமா?



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தைத் தேடி நம்மில் பலர் இன்று மருந்துக் கடைக்குச் செல்கின்றோம். தேர்வு நெருங்க நெருங்க, சோர்வு நீங்க ஒரு மாத்திரை, மனம் ஒருமுகப்பட ஒரு மாத்திரை, அச்சம் தணிய ஒரு லேகியம் என்று புத்தகப் பைகளில் புட்டிகள் பெருகுகின்றன. "மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்பதே எல்லோரும் கூறும் சமாதானம். அது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களை ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி

சென்ற கல்வியாண்டில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எப்போதும் களைப்பாகவே இருப்பாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிற்பகல் வகுப்புகளில் தலை கவிழ்ந்துவிடும். நாங்கள் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பட்டப்பெயர் சூட்டிச் சிரித்தோம். மகளின் மதிப்பெண் குறைவதைக் கண்டு கலங்கிய அவள் தாயார், விளம்பரத்தை நம்பி, சுறுசுறுப்பும் நினைவாற்றலும் தரும் என்ற மூலிகைக் கேப்ஸ்யூல் புட்டி ஒன்றை வாங்கித் தந்தார். ஒரு புட்டி தீர்ந்தது, இரண்டாவதும் தீர்ந்தது, களைப்பு தீரவில்லை. அதற்குள் அவளைப் பார்த்து எங்களில் பத்துப் பேருக்கு மேல் அதே புட்டியை வாங்கிவிட்டோம்!

எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரி இதை அறிந்ததும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்கள் புட்டிகளை நாளைக்கு எடுத்து வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று சேர்ந்தே படிப்போம்" என்றார். அவ்வாறு படித்தவற்றை இங்குத் தொகுத்துத் தருகின்றோம்.

மூன்று மூலிகைகள்

முதலாவது வல்லாரை. ஈரமான வயல் வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் படர்ந்து வளரும் இச்செடியின் இலை சிறுநீரக வடிவில் இருக்கும். நம் வீடுகளில் துவையலாகவும், இலங்கையில் சம்பலாகவும் உண்ணப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நலமாயுள்ள 40 பேரைக் கொண்டு சோதித்தபோது, வல்லாரை உண்டவர்கள் திடீர் ஓசைக்குத் திடுக்கிடுவது குறைந்தது. ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பீடு, வல்லாரையால் அறிவாற்றல் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தது. ஆகவே, வல்லாரைத் துவையல் நல்ல கீரை உணவு. அதற்கு மேல் எதிர்பார்ப்பது பொருந்தாது.

இரண்டாவது நீர்ப்பிரமி. வடநாட்டில் 'பிராமி' என்னும் பெயர் இதற்கும் வழங்குகிறது, வல்லாரைக்கும் வழங்குகிறது. எனவே புட்டியில் 'பிராமி' என்று மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது எது என்று நமக்குத் தெரியாது. 2001இல் வெளியான ஆய்வொன்றில் 46 பேர் பங்குகொண்டனர். 12 வாரம் நாள்தோறும் உட்கொண்டவர்களிடம் கற்கும் வேகத்திலும் நினைவில் நிறுத்துவதிலும் முன்னேற்றம் காணப்பட்டது. 12 வாரம் என்பதைக் கவனியுங்கள்! தேர்வுக்கு முந்திய வாரம் விழுங்கினால் பயன் இல்லை. வயிற்றுக் கோளாறு வேண்டுமானால் வரலாம்.

மூன்றாவது அமுக்கராக் கிழங்கு. குதிரையின் வாடை வீசுவதால் வடமொழியில் அசுவகந்தா எனப்படும். இதன் தாவரவியல் பெயரின் பின்பாதியான 'சோம்னிஃபெரா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'உறக்கம் தருவது' என்று பொருள். இரவில் கண்விழித்துப் படிப்பதற்காக இதை விழுங்கிய எங்கள் அறியாமையை என்னென்பது! 2012இல் 64 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், வேளைக்கு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை, 60 நாள் இதன் சாற்றை உட்கொண்டோருக்கு மன இறுக்கமும், கார்ட்டிசால் என்னும் சுரப்பியின் நீரும் குறைந்தன. இது பாராட்டத்தக்க முடிவே. எனினும் சோதிக்கப்பட்டவர்கள் நம் வயதுப் பிள்ளைகள் அல்லர்.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்று உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஏனெனில், மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையே சிறிது தெம்பு தந்துவிடும். "எனக்கு நன்றாக வேலை செய்தது" என்று அடுத்த வீட்டு அக்கா கூறுவது பொய்யன்று. ஆயினும் சான்று ஆகாது.

மூலிகை என்றால் தீங்கில்லையா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒரு பொருளுக்கு நோயைத் தணிக்கும் வலிமை உண்டென்றால், உடலைத் தாக்கும் வலிமையும் இருக்கக்கூடும் அன்றோ? அமுக்கரா கலந்த மாத்திரைகளை உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சட்காமாலை கண்ட ஐவரைப் பற்றி, ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் எழுதினர். டென்மார்க் நாடு 2023இல் அமுக்கராவைத் தடை செய்தது. தைராய்டு மாத்திரை உண்பவர்களும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடலாகாது.

கலப்படம் மற்றோர் ஆபத்து. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது, அவற்றுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நினைவாற்றலுக்கென்று வாங்கிய பொருளில் ஈயம் இருந்தால் அதைவிடக் கொடுமை வேறுண்டோ?

ஆகவே புட்டியின் முன்பக்கத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் பின்பக்கத்தையும் படித்தல் வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் இருக்க வேண்டும். உணவுப் பொருளாக விற்கப்படும் மாத்திரைகளில் 14 இலக்க உணவு உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று' என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். எங்கள் புட்டியின் முன்புறம் மூளைப் படமும் பெரிய எழுத்து வாக்குறுதிகளும் இருந்தன. பின்புறம் எறும்பளவு எழுத்தில் இந்த எச்சரிக்கை இருந்தது! அதை வாய்விட்டுப் படித்த அன்று வகுப்பே சற்று நேரம் மௌனமாயிற்று.

உண்மைக் காரணம்

அன்றுதான் அருட்சகோதரி எங்கள் தோழியை அழைத்தார். "இங்கே வாம்மா, கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துக் காட்டு" என்றார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறியிருந்தது. மறுநாள் அவள் தாயாருடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். நம் வயதுப் பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் ஹீமோகுளோபின் இருத்தல் வேண்டும். அவளுக்கு இருந்தது 7.8 கிராமே! உடலெங்கும் உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் போதிய உயிர்வளி எட்டாது. களைப்பும் கவனக் குறைவும் தொடரும். சோம்பல் என்று நாங்கள் எண்ணிச் சிரித்தது இரத்தசோகை என்னும் நோய்.

இது அவள் ஒருத்தியின் குறையன்று. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். மாதந்தோறும் ஏற்படும் இரத்த இழப்பும், இரும்புச் சத்துக் குறைந்த உணவும், குடற்புழுக்களும் இதற்குக் காரணங்கள். இதற்காகவே அரசு, உதவிபெறும் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாக வழங்கும் திட்டம் உள்ளது. அதை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வயிறு புரட்டும் என்று அஞ்சி, கைக்குட்டையில் மறைத்து, சன்னலுக்கு வெளியே எறிந்தோம். விலையின்றி வந்த மருந்தை எறிந்துவிட்டு, பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் பயனறியாப் புட்டியை வாங்கினோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எங்கள் தங்கையர் இத்தவற்றைச் செய்யலாகாது என்பதற்காக எழுதுகின்றோம்.

நாம் செய்யத்தக்கவை

வாராந்திர மாத்திரையை உணவுக்குப் பின் உட்கொண்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். மலம் கருத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டா. கீரை, பயறு வகை, மீன், ஈரல் இவற்றை இயன்றவரை உணவில் சேர்ப்போம். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்புச் சத்து நன்கு உட்கவரப்படும். தேநீரும் காப்பியும் அதைத் தடுக்குமாதலால் சாப்பாட்டோடு அவற்றை அருந்தலாகாது. மேலும், குடித்த காப்பியிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் நம்மை உறங்கவிடாது.

நம் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பகலில் படித்தவற்றை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான். இதைவிடச் சிறந்த நினைவாற்றல் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் மூலிகை எதையும் கூறவில்லை. முன் உண்டது செரித்தபின் அளவோடு உண்ணும் முறையையே பெரிதும் கூறுகின்றார்.

பெற்றோரே! மகள் சோர்ந்திருந்தால் புட்டி வாங்குமுன் ஒரு முறை அவளது இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மூலிகை மருந்து தேவையெனில், தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நம் மருத்துவத்தின் பெருமையை விளம்பரத்தால் காக்க முடியாது. அறிந்து பயன்படுத்துவதே அதைக் காக்கும்.

எங்கள் தோழி மருத்துவர் கூறியபடி இரும்புச் சத்து மாத்திரை உட்கொண்டாள். மூன்று திங்களில் அவள் முகம் தெளிந்தது. இப்போது எங்களுக்கு முன்னே படியேறி, மேலே நின்று, "ஏன்டி, இன்னுமா வரலை?" என்று கேட்கின்றாள். அவளிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். வாராந்திர மாத்திரை நாளன்று வகுப்பில் எல்லோரும் விழுங்கிவிட்டார்களா என்று பார்ப்பவளும் இப்போது அவள்தான்!

– மேல்நிலை இரண்டாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்