கை வைக்கச் சொல்லும் கலை

அன்புத் தம்பிக்கு,

பூண்டி அகழ்வைப்பகத்தில் கற்கோடரிகளைப் பார்த்திருப்பாய். கடம்பத்தூரிலிருந்து அதிக தூரமில்லை. பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுவரை போகிறது. யாரோ ஒருவர் தம் உள்ளங்கைக்கு வாகாகத் தட்டித் தட்டிச் செதுக்கிய கல், இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று கிடைக்காது. 'தொடாதீர்' பலகைக்குப் பழகியவர்கள் நவீனக் கலைக் கண்காட்சிக்குப் போய், 'எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நடங்கள்' என்று கேட்டதும் திகைத்து நிற்பார்கள். நீ திகைக்க வேண்டாம்.

2016 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் மூன்றாம் பதிப்பு தொடங்கியது. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிக வளாகம்தான் அதன் முக்கிய அரங்காக இருந்தது. அங்கே ஒரு கிடங்கின் தரை முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா. படைப்பின் பெயர் 'வேதனைக் கடல்'. வாசலில் செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும். பக்கச் சுவர்களில் கேள்விகளாகச் சில வரிகள். எதிர்ச் சுவரில் ஒரு கவிதை. அதைப் படிக்க அத்தனை தூரமும் தண்ணீரை அளைந்துகொண்டு போயாக வேண்டும். வேகமாக நடக்க முடியாது; நடந்தால் சத்தம் எழும், பக்கத்தில் வருபவர் மேல் தெறிக்கும். அதனால் எல்லோரும் தாமாகவே மெதுவாகிவிட்டார்கள்.

கவிதை காலிப் குர்தி என்ற ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றியது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் சடலமாக ஒதுங்கிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே அகதிப் படகு கவிழ்ந்து இறந்த அவன் அண்ணன்தான் காலிப். அவனைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசவில்லை. சூரிட்டாவும் துயரம் அறியாதவர் அல்ல. 1973 ராணுவப் புரட்சியின்போது பிடிபட்டு, ஒரு கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர். இந்தப் படைப்பைப் புகைப்படத்தில் பார்த்தால் தண்ணீர் தேங்கிய கிடங்குதான் தெரியும். பாதத்தில் ஏறும் குளிரும், தயங்கித் தயங்கி எடுத்துவைக்கும் அடியும் படத்தில் வராது.

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா வேறு வழியில் போகிறார். அவருடைய 'த்ரெட்' (2008-09), செங்கல் அடுக்கியதுபோல் குளியல் சோப்புக் கட்டிகளால் எழுப்பிய சுவர். ஒவ்வொரு கட்டியிலும் 'அச்சுறுத்தல்' என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல் பதிந்திருக்கும். வருபவர்கள் ஆளுக்கொரு கட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சுவர் நாளுக்கு நாள் குறையும். வீட்டில் யாரோ கை கழுவக் கழுவ அந்தச் சொல்லும் கரையும். கலைஞர் பாதிதான் செய்தார், மீதியை ஊர் செய்கிறது. பயத்தைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் படைப்புகள் குறைவு.

காக்களூர் தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தகடு வளைப்பவர்களைப் பார்த்திருப்பாய் அல்லவா? உனக்கு பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க்கைக் கட்டாயம் பிடிக்கும். 1960 வாக்கில் அவர் உலோகத் தகடுகளைக் கீல்களால் இணைத்துச் சிற்பங்கள் செய்தார். பெயர் 'பிச்சோஸ்', அதாவது ஜந்துக்கள். பார்வையாளர் மடக்க மடக்க வடிவம் மாறும். ஒரு மடிப்பைத் திருப்பினால் இன்னொன்று தானாக எழும். நினைத்த வடிவம் வராமலும் போகும். பின்னாளில் அசல்கள் அருமையானவையாகிவிட்டதால், 2014இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தொட்டுப் பார்க்கத் தனியாக நகல்களை வைத்தது. பூண்டிக் கற்கோடரிக்கு வந்த கதிதான் இதற்கும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நம் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும். வேடமிட்டவர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார்; குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை. அங்கே ஆளை உள்ளே இழுப்பது நம்பிக்கை. கண்காட்சியில் அதைக் கலைஞர் ஒரு கேள்வியால் செய்தாக வேண்டும்.

செய்யாமல் விடுபவர்களும் உண்டு. வான்கோவின் ஓவியங்களைச் சுவரெங்கும் ஒளியாகப் பாய்ச்சும் காட்சிகள் இந்திய நகரங்களிலும் நடந்தன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அங்கே யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் மாறாது. சோப்புச் சுவரில் நீ எடுத்த இடம் காலியாகிறது. எதிலும் இந்த வித்தியாசத்தைப் பார்.

கண்காட்சிக்குப் போகும்போது கவனிக்கச் சில விஷயங்கள். முதலில் விளக்கப் பலகையைப் படி. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது கலைஞர் தீர்மானித்தது. புரியாவிட்டால் அங்கிருக்கும் தன்னார்வலரிடம் கூச்சப்படாமல் கேள். செல்போன் பையிலேயே இருக்கட்டும், உன் முறை முடிந்தபிறகு எடு. முடிந்ததும் உடனே நகர்ந்துவிடாமல் ஓரமாக நின்று அடுத்தவர்கள் செய்வதைப் பார். குழந்தைகளைக் கட்டாயம் பார். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002இல் பிரிஸ்பேனில் ஒரு வெள்ளை அறையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் வண்ணப் பொட்டுகளை ஒட்டி ஒட்டி வெள்ளையே தெரியாமல் ஆக்கினார்கள்.

அடுத்த பினாலேக்குச் சேர்ந்தே போகலாம். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு. சனி, ஞாயிறு கூட்டம் நெரியும், வாரநாளாகப் பார்த்து வை.

அன்புடன்,
அண்ணன்