பையை மூடுவதற்கு முன்

திருச்சி தில்லைநகரில் கிளினிக்குகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எங்கள் மெடிக்கலில் கூட்டம் என்றால் மாலை ஏழு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் மருந்து மாறிப்போனால், கொடுத்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று வெளியில் நினைப்பார்கள். நான் பார்த்தவரை, பல வருடம் பழகிய கைதான் மாற்றி எடுக்கும். பெயரின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததுமே கை ராக்குக்குப் போய்விடும். மிச்சத்தைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ‘கவனமா இரு’ என்று மட்டும் சொல்லி விடுவதில்லை. கவனம் தப்பினாலும் மருந்து தப்பாமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் ராக். ஏபிசிடி வரிசையில் அடுக்கினால் கார்பிமசோலும் கார்பமசிபைனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். ஒன்று தைராய்டுக்கு, இன்னொன்று வலிப்புக்கு. பிரட்னிசோலோனும் ப்ரொப்ரனலாலும் அப்படித்தான். வீசிங் உள்ளவருக்கு முன்னது மூச்சைத் திறக்கும், பின்னது மூச்சுக்குழலை இறுக்கும். சரி, கம்பெனிவாரியாக அடுக்கலாம் என்றால், ஒரே கம்பெனியின் அட்டைகள் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் இருக்கும். டெல்மா, டெல்மா ஹெச், டெல்மா ஏஎம் என்று வாலில் மட்டுமே வித்தியாசம். அந்த வாலில்தான் இன்னொரு மருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் லோசெக் என்ற அசிடிட்டி மருந்து லேசிக்ஸ் என்ற நீர் மாத்திரையோடு குழம்புகிறது என்று 1990இல் ப்ரைலோசெக் எனப் பெயரையே மாற்றினார்கள். பெயரை மாற்ற நம்மால் முடியாது, இடத்தை மாற்றலாம். குழப்பும் ஜோடியில் ஒன்றை எதிர்ச்சுவர் ராக்குக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு எங்கள் கடையில் தனி டிராயர். முடக்குவாதத்துக்கு எழுதினால் வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிடும் எழுதியிருப்பார்கள். பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டை மேல் ‘வாரம் ஒரு முறை’ என்று எழுதினால் போதாது. டாக்டர் சொன்ன கிழமையைக் கேட்டு, ‘ஞாயிறு மட்டும்’ என்று மார்க்கரில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கிழமை மனதில் நிற்கும்.

சரிபார்ப்பதில் நிறைய கடைகள் தவறவிடும் ஒன்று உண்டு. எடுத்து வைத்த மருந்தை பில்லோடு ஒப்பிடுவார்கள். பில் போடும்போதே பெயர் மாறியிருந்தால் மருந்தும் பில்லும் அழகாகப் பொருந்தும், இரண்டுமே தப்பாக இருக்கும். சீட்டைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். எடுத்தவர் அல்லாத இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு கூடை, அது முடியாமல் அடுத்த சீட்டைத் தொடக் கூடாது. எழுத்து புரியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடக் கூச்சமே வேண்டாம். சீட்டைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இலேயே விதி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து, கேட்டதற்காகக் கோபித்துக்கொண்ட டாக்டர்களைவிட நன்றி சொன்னவர்கள் அதிகம்.

பையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு அட்டையாக வெளியே எடுத்துக் காட்டிப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வடிகட்டி. அதிலும் கேட்கும் விதம் முக்கியம். ‘இது சுகர் மாத்திரைதானேம்மா?’ என்றால் யாரும் தலையாட்டுவார்கள். ‘டாக்டர் உங்களுக்கு எதுக்கும்மா மருந்து கொடுத்திருக்காரு?’ என்று கேட்டால் ‘முட்டி வலிக்கு’ என்று பதில் வரும். கையில் வேறு அட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெயரும் அப்படித்தான். ‘செல்வி’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து வருவார்கள். எந்த டாக்டர், என்ன வயது என்று அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். டாக்டர் பிராண்டை மாற்றியிருந்தால், பழைய அட்டையை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் சேர்த்துப் போட்டுக்கொண்டு தலைசுற்றலோடு வந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை மருந்துக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். பாராசிட்டமால் டிராப்ஸ் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் ஐந்து மில்லியில் 120 அல்லது 125. 250 உள்ளதும் உண்டு. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை போதும். சிரப் என்று நினைத்து டிராப்ஸில் ஐந்து மில்லி ஊற்றிவிட்டால் 500 உள்ளே போய்விடும். அதனால் மூடியோடு வரும் அளவுக் கப்பிலோ டிராப்பரிலோ கோட்டை விரலால் தொட்டுக் காட்டாமல் நான் பாட்டிலைக் கொடுப்பதில்லை. இன்சுலினிலும் இதே கவலை. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடியில் வருவது 100 யூனிட்டுக்கானது. மாற்றிக் கொடுத்தால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும்.

இத்தனைக்கும் மீறி நடக்கும். ஒரு நாள் இரவு கடை மூடும்போது ஸ்டாக் பார்த்தோம். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையில் ஓர் அட்டை கூடுதல், 2 மில்லிகிராமில் ஓர் அட்டை குறைவு. அன்றைய பில்களைப் புரட்டி, இருந்த எண்களுக்கெல்லாம் போன் செய்து அட்டை மேல் இருப்பதைப் படிக்கச் சொன்னோம். ஒரு மகன் படித்தார்: ‘ரெண்டுன்னு போட்டிருக்கு சார். அம்மா இப்பத்தான் போட்டாங்க.’ அப்போது ‘கொஞ்சம் மாறியிருக்கு, ஒண்ணும் ஆகாது’ என்று மழுப்பக் கூடாது. ‘நாங்க மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டோம், பவர் ஜாஸ்தி. அம்மா சாப்பிட்டாங்களா? வியர்க்குதா, கை நடுங்குதா?’ என்று கேட்டேன். உடனே டாக்டரிடம் பேசினோம். இரவில் இரண்டு முறை சுகர் பார்க்கச் சொன்னார், குறைந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சரியான அட்டையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். விடியும்வரை அந்த மகனோடு போனில் தொடர்பில் இருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாற்றி எடுத்தது டி.பார்ம் முடித்துப் புதிதாக வந்த பெண். முதலாளி சம்பளத்தில் பிடிக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காசு பிடித்தால் அடுத்த முறை ஸ்டாக்கில் அட்டை குறைந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த இரவு எங்களைக் காப்பாற்றியதே அந்தக் கணக்குதான். மறுநாள் அவளுக்குக் கை நடுங்கியது. குடோனுக்கு அனுப்பினால் பயம் அங்கேயே கெட்டிப்பட்டுவிடும் என்று, கவுன்டரிலேயே என் பக்கத்தில் நிறுத்தி, நான் எடுப்பதைச் சரிபார்க்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாறிப்போனதும், மாறவிருந்து பிடிபட்டதும் அதில் ஏறும்: என்ன மருந்து, எத்தனை மணி, எப்படி. யார் என்று எழுதுவதில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண்தான் அதைப் புரட்டிவிட்டு, ‘அண்ணா, பாதிக்கு மேல போன் பேசிக்கிட்டே எடுத்ததுதான்’ என்று காட்டினாள். இப்போது ஏழு மணிக்கு மேல் மருந்து எடுப்பவர் போனைத் தொடுவதில்லை. பில் போடுபவர் எடுத்து, ‘ஒன்பதரைக்கு மேல கூப்பிடுங்க’ என்று சொல்கிறார். சில டோர் டெலிவரி ஆர்டர்கள் அதனால் போகின்றன. முதலாளியிடம் நோட்டைக் காட்டினோம், ஒப்புக்கொண்டார்.