நாடா மிதக்கக் கூடாது

போன செமஸ்டர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து நாற்பது நொடியில் ஒரு அனிமேஷன் குறும்படம் பண்ணினோம். கண்ணமங்கலத்தில் ஒரு தறிவீடு, ஒரு நெசவாளர், பாதி நெய்த பட்டுப்புடவை. தறிக்கட்டை, பாவு, கரையில் ஜரிகை எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தோம். முடிந்ததும் நண்பனோட பெரியப்பாவிடம் போனில் போட்டுக் காட்டினோம். பட்டு நெய்தே வயசானவர். ரெண்டு தடவை பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாடா மிதக்குதே தம்பி. அது ஓடணும்ல?"

அவர் சொன்னது புரிய எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. அனிமேஷன் கத்துக்க ஆசைப்படுற ஜூனியர்களுக்கு அந்த வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். எங்கள் படத்தில் நாடா இந்தக் கரையில் ஒரு கீ ஃப்ரேம், அந்தக் கரையில் ஒரு கீ ஃப்ரேம். நடுவில் உள்ளதை சாஃப்ட்வேரே நிரப்பட்டும் என்று விட்டுவிட்டோம். அது தூரத்தைச் சம பங்காகப் பிரித்தது. ஒரே வேகம். தொடங்கும்போது உதைப்பு இல்லை, முடியும்போது இடிப்பும் இல்லை. தண்ணியில் போற கட்டை மாதிரி இருந்தது.

இதைப் புரிஞ்சுக்க பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒரு பந்தைக் கீழே விடுங்கள். சம கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். நாலு படத்தில் பந்து 16 கட்டம் விழணும்னா, சாஃப்ட்வேர் 4, 4, 4, 4 என்று பிரிக்கும். நீங்க 1, 3, 5, 7 என்று வையுங்கள். ரெண்டுமே எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுதான். ஆனால் ரெண்டாவதில் பந்துக்கு எடை வந்துவிடும். மொத்தம் எத்தனை ஃப்ரேம் என்பது டைமிங். அந்த ஃப்ரேம்களுக்குள் தூரத்தை எப்படிப் பங்கு போடுகிறோம் என்பது ஸ்பேஸிங். முதலாவதை எல்லாரும் சொல்லிக்கொடுப்பாங்க. படம் உயிரோடு இருக்கா இல்லையா என்பது ரெண்டாவதில்தான் இருக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தறி மேல ஜக்கார்ட் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். ஃப்ரேமும் இதேதான்: ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஜக்கார்டின் உருவத்தையே 1839-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பட்டில் நெய்தார்கள். அசையாத அந்த ஒரே படத்துக்கு 24,000 அட்டை!

கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால் புட்டா திரும்பத் திரும்ப வரும். அனிமேஷனில் நடக்கும் காட்சியும் இப்படித்தான். ரெண்டு அடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தினால் 12 படம். பன்னிரண்டாவதுக்கு அப்புறம் நேராக முதல் படம். முதல் படத்தையே பதிமூன்றாவதாக இன்னொரு தடவை சேர்த்துட்டா ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் ஒரு நொடிப்பு நொடிப்பான். ஒரே அட்டையை ரெண்டு தடவை கோத்தா பூவில் கோடு விழுமே, அதே தப்பு.

'அப்போ கம்ப்யூட்டரே வேண்டாமா' என்று கேட்காதீங்க. ரஜினியின் ரெண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 1989-இல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வின் பாட்டில் கார்ட்டூன் விலங்குகளோடு அவர் ஆடுவார். அந்த வேலையைச் செய்தது மும்பையின் ராம் மோகன். 1950-களில் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்த டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் பயிற்சி பெற்றவர். 2014-இல் வந்த 'கோச்சடையான்' நடிப்பையே பதிவு செய்யும் பெர்ஃபார்மன்ஸ் கேப்சரில் எடுத்தது. தொழில்நுட்பத்தில் ரெண்டாவதுதான் எங்கேயோ இருக்கு. ஆனால் எனக்கு முதலாவதின் விலங்குகள்தான் உயிரோடு தெரியுது. கோச்சடையானின் முகத்தில் அந்த உயிர் வரவில்லை. ரஜினி ரசிகர்கள் மன்னிக்கவும்.

கம்ப்யூட்டரிலேயே உயிர் வருமா என்றால், லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த 'ஃப்ளோ' (2024) இருக்கு. ஒரு பூனை, வெள்ளம், ஒரு படகு. வசனம் ஒரு வரி கூட இல்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் செய்து, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிவிட்டது. அந்தப் பூனைக்கு மோஷன் கேப்சர் கிடையாது. நிஜ விலங்குகளைப் பார்த்துப் பார்த்து அசைவை அனிமேட்டர்களே அமைத்தார்கள். பூனை தாவும் முன் பின்னங்கால் பதுங்குவதை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. நம்ம ஹாஸ்டல் லேப்டாப்பிலும் பிளெண்டர் ஓடும், மெதுவாக.

வரையவே வராது என்கிறவர்களுக்கு நார்மன் மெக்லாரன். கனடாக்காரர். 1952-இல் அவர் எடுத்த 'நெய்பர்ஸ்' குறும்படத்தில் நிஜ மனிதர்களையே பொம்மை மாதிரி நகர்த்தி, ஃப்ரேம் ஃப்ரேமாகப் படம் எடுத்தார். அதற்குப் பெயர் பிக்ஸிலேஷன். ஒரு போன், அசையாமல் நிற்க ஒரு ஸ்டாண்ட், பொறுமையான ஒரு நண்பன் போதும். பத்து நொடிக்கு, நொடிக்கு 12 வீதம் 120 போட்டோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியும். வெயில் மாறாத இடமாகப் பாருங்கள், இல்லைன்னா படம் மினுக்கும்.

நாங்க நாடாவைத் திரும்பப் பண்ணினோம். முன்பு 24 ஃப்ரேம் ஓடிக்கொண்டிருந்ததை ஐந்தாகக் குறைத்தோம். முதலில் சின்னதாகப் பின்வாங்கல், அடுத்த ரெண்டில் இழுத்துவிட்ட கோடு மாதிரி ஒரு கலங்கல், நாலாவதில் அந்தக் கரை, ஐந்தாவதில் லேசான அதிர்வு. பிறகு ஆறு ஃப்ரேம் சும்மா நின்று, அதற்கப்புறம்தான் ஊடையை நெருக்கும் அடி.

பெரியப்பாவிடம் மறுபடி காட்டினோம். நாடாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடிக்கிற சத்தம் கொஞ்சம் முந்திக்கிட்டு வருது" என்றார். ரெண்டு ஃப்ரேம் தள்ளி வைத்தோம்.