சைக்கிளில் ஏறும் மேடு: சரிவையும் சாலையையும் படித்தல்

'நம் பக்கம் ஏது மலை?' என்றுதான் நெல்லிக்குப்பத்து மாணவர்கள் கேட்பார்கள். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவே கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி. ஆனால் கெடிலத்தைக் கடந்து தெற்கே போனால் செம்மண் மேடு தொடங்கிவிடும். திருவந்திபுரத்தில் 74 படிகளுடன் நிற்கும் ஔஷதகிரியும், கடலூரின் கேப்பர் மலையும் அந்த மேட்டைச் சேர்ந்தவை. நிலவியலார் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்டிருக்கும் பாறை இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க முதலில் அகற்ற வேண்டியிருப்பதும் இதே மணற்கல் அடுக்கைத்தான். உதகையிலிருந்து வரும் ஒருவர் இதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கியர் இல்லாத சைக்கிளில் புத்தகப் பையோடு ஏறும் மாணவிக்கு மட்டும் இது மலைதான்.

நம் பள்ளிகளில் விலையில்லா மிதிவண்டி 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு என்று தொடங்கி, 2005-06இல் பிற மாணவர்களுக்கும் விரிந்தது. வண்டி கைக்கு வந்துவிடுகிறது. எந்தச் சாலையில் போவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரும் லாரியும் பேருந்தும் நெரியும் பண்ருட்டிச் சாலையின் ஓரத்தில் நம் பிள்ளைகள் ஓட்டிப் போவதைப் பார்க்கும் ஆசிரியர் எவருக்கும் இந்தக் கேள்வி எழும். அதையே பாடமாக்கினால் என்ன என்று எண்ணி, ஒன்பதாம் வகுப்பின் நிலவரைபடத் திறன்கள் பகுதியோடு சேர்த்து நான் நடத்திவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரிவு. இதற்கு ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டமும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை ஏறுமுகச் சாலையில் வைத்து, மறுமுனையை மட்டம் வரும்வரை தூக்க வேண்டும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம் சரிவு. 4 செ.மீ. என்றால் 4 சதவீதம். கணக்கே போட வேண்டாம் என்பதால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இதுவே டேன் மதிப்பு. வண்டி வராத இடத்தில், ஆசிரியர் உடனிருந்து அளக்கச் செய்வது அவசியம்.

இதே சரிவை வரைபடத்திலும் படிக்கலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகளின் இடைவெளி பொதுவாக 20 மீட்டர். சாலை குறுக்கிடும் இரண்டு கோடுகள் ஒரு செ.மீ. தள்ளி இருந்தால் 500 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம், அதாவது 4 சதவீதம். அரை செ.மீ. என்றால் 8 சதவீதம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று மனப்பாடம் செய்த வரி இங்கே தொடையில் வலியாகப் புரியும்.

வலி எவ்வளவு என்பதைப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் கணக்கிடலாம். மாணவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 75 கிலோ, அதாவது 750 நியூட்டன் எடை எனக் கொள்வோம். 5 சதவீதச் சரிவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 37.5 நியூட்டன். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஏற 75 வாட் திறன் வேண்டும். சரிவு 10 சதவீதமானால் 150 வாட். அங்கேதான் நாம் இறங்கித் தள்ளுகிறோம். வேகம் பாதியாகிறது, தேவைப்படும் திறன் மறுபடி 75 வாட்டுக்கு வந்துவிடுகிறது. உராய்வைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று மாணவர்கள் குறை சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பற்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னே 44, பின்னே 18 என்று வந்தால், பெடலை ஒருமுறை சுற்ற, 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் ஏறத்தாழ 5.1 மீட்டர் ஓடும். மேட்டில் மெதுவாகப் போகும்போது நிமிடத்துக்கு 24 சுற்றுகூட வராது. ஒவ்வொரு மிதியும் பாரமாக இருக்கும். கியர் சைக்கிளில் இரு பக்கப் பற்களும் சமமாகும்போது அதே வேகத்துக்கு 57 சுற்று. வேலை அதேதான், சின்னச் சின்ன மிதிகளாகப் பிரிந்துவிடுகிறது.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவு செய்வதும் இதைத்தான். 1000 மீட்டர் உயரத்தை 5 சதவீதச் சரிவில் ஏற 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலைச்சரிவில் அவ்வளவு இடம் நேராகக் கிடைக்காது, ஆகவே சாலையை மடித்து வைக்கிறார்கள். கொல்லிமலையில் 70 மடிப்பு, ஏலகிரியில் 14. நீலகிரி மலை ரயில் பாதையில் உச்சச் சரிவு 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் போட்டிருப்பது அதனால்தான். நம் சைக்கிளில் பல் இருப்பது போல அங்கே ரயிலுக்கும் பல் தேவைப்பட்டிருக்கிறது.

2008 முதல் நீலகிரியில் 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' என்ற நெடுந்தூர சைக்கிள் பயணம் நடந்துவருகிறது. ஆனால் எங்கள் மாணவர்களுக்கு அருகிலுள்ள பெரிய மலை கல்வராயன். கோமுகி அணையடியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை வரைபடத்தில் விரலால் பின்தொடரச் சொல்வேன். சுற்றுலா வண்டிகள் குவியும் ஏற்காட்டோடு ஒப்பிட்டுப் பேச இது நல்ல பயிற்சி.

அடுத்து, சாலையின் அமைதியை அளக்க வேண்டும். பள்ளி வாசல் அல்லது ஊர் முனையில் பாதுகாப்பான இடத்தில் 15 நிமிடம் நின்று லாரி, பேருந்து, டிராக்டர், இருசக்கர வாகனம் என்று தனித்தனியாக நேர்க்கோட்டுக் குறியிட்டு எண்ணுகிறோம். காலை எட்டேகாலுக்கு ஒருமுறை, ஒன்பதேகாலுக்கு ஒருமுறை. ஒரே சாலை இரண்டு சாலையாகத் தெரியும். கரும்பு வெட்டும் மாதங்களில் எண்ணியது ஆடியில் எண்ணியதோடு ஒத்துப்போகாது. பட்டை விளக்கப்படம் வரைய இதைவிட உயிருள்ள தரவு கிடைப்பது அரிது.

இவ்வளவும் முடிந்து வழி தேர்ந்தெடுக்க உட்காரும்போதுதான் பாடம் சூடு பிடிக்கிறது. சரிவும் குறைவு, வண்டியும் குறைவு என்று பையன்கள் காட்டும் முந்திரிக்காட்டு வழியை மாணவியர் மறுப்பார்கள். 'அந்த ரோட்டுல செயின் கழண்டா கூப்பிட ஒரு வீடு இல்ல, சார்.' அமைதியான சாலை வேறு, ஆளில்லாத சாலை வேறு என்ற இந்த வேறுபாடு எந்த வரைபடக் குறியீட்டிலும் இல்லை. ஆகவே நாங்களே குறியீடு சேர்த்துக்கொண்டோம்: டீக்கடை, பஞ்சர் கடை, அங்கன்வாடி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை. இந்தப் பட்டியலில் மாணவியர் சொல்லே இறுதி என்பது என் முடிவு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் பழகியபோது, அவர்களுக்கு அது தாமாக ஓரிடம் போய்வரும் உரிமையாகவே இருந்தது. வழியையும் அவர்களே தீர்மானிப்பதுதானே முறை?

இறக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். ஏறும்போது விபத்து குறைவு, இறங்கும்போதுதான் ஆபத்து. மேடு தொடங்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் சோதிக்கவும், ஈரமான ரிம்மில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும் என்பதை மைதானத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டவும். செம்மண் சரளை உருளும் வளைவுகளில் திரும்பிக்கொண்டே பிரேக் போடாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் சரிவுக் கணக்கு வேண்டாம். வீட்டிலிருந்து பள்ளிவரை தான் காணும் ஐந்து அடையாளங்களை வரிசையாக வரையச் சொன்னால் போதும். எந்த இடத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வாய் என்று கேட்டு, அங்கே சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லலாம். முப்பது தாள்களையும் சுவரில் ஒட்டியபின் சிவப்புப் புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்து, அந்த இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கிறோம். பெரிய வகுப்பினரின் வழி வரைபடம் சேர்க்கை நடக்கும் அறையின் வாசலில் தொங்குகிறது. அரவை தொடங்கும் மாதத்தில் அதை எடுத்து, மீண்டும் எண்ணித் திருத்தி மாட்டுவோம்.