கெம்பஸ் போக யாரைப் பிடிப்பது?

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் அப்புத்தளை லயங்களில் ஒரு பேச்சு கிளம்பும்: "தலைவரைப் பிடிச்சா கெம்பஸ் கிடைக்குமாம்." கிடைக்காது. அரச பல்கலைக்கழக அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில். 2001 முதல் அது பார்ப்பது இசட் புள்ளியை. அமைச்சரின் கடிதம், சங்கத் தலைவரின் தொலைபேசி, துரையின் நற்சான்று எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

உங்களுக்குக் கைகொடுப்பது மாவட்டம். கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்கு மருத்துவபீடத்தைத் தவறவிடும் புள்ளி, பதுளைப் பிள்ளைக்கு அதே பீடத்தைத் திறந்துவிடக்கூடும்.

இதைத் தெரியாமல்தான் பலர் கடன்பட்டு, ஆள் பிடித்து, பிள்ளையை உயர்தரத்துக்குக் கொழும்பிலோ கண்டியிலோ பெரிய பாடசாலையில் சேர்க்கிறார்கள். எந்த மாவட்டப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தார் என்பதையும் பார்த்தே பிள்ளையின் மாவட்டம் தீர்மானமாகிறது. பாடசாலை மாற்றும் முன் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை வாசியுங்கள். மூன்று மொழியிலும் இருக்கிறது.

அப்படியானால் ஆள் பழக்கமே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு ஆட்கள். உங்கள் பாடசாலையிலிருந்து போன வருடம் பேராதனைக்கோ ஊவா வெல்லஸ்ஸவுக்கோ போன அக்காவைத் தேடிப் பிடியுங்கள். பதுளைக்கான பழைய வெட்டுப்புள்ளிகளோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விருப்ப ஒழுங்கை எழுதுங்கள். டவுனில் கொமியுனிகேஷன் கடைக்காரர் அவசரத்தில் அடித்துத் தரும் ஒழுங்கில் ஒரு வாழ்க்கை திசை மாறிவிடும். மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்க விரும்பினால் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதன் அறிவித்தலைக் கவனிக்கச் சொல்வதும் அந்த அக்காதான்.

கிராம அலுவலரிடமும் அதிபரிடமும் முன்கூட்டியே போங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துமாகத் தோட்டப் பிள்ளைகள் படும் பாடு பெரிது. அதை உயர்தரத்துக்கு முன்பே திருத்துங்கள்.

சிபாரிசுப் பேச்சு அதிகம் அடிபடுவது நேர்முகத் தேர்வு உள்ள இடங்களில். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்கும் நேர்முகத் தேர்வு உண்டு. அங்கும் கடிதம் தேடி அலையும் நாட்களைச் சான்றிதழ்களைச் சேர்க்கவும் பேசிப் பழகவும் செலவிடுங்கள். அநியாயம் நடந்ததாகத் தோன்றினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புள்ளிகளை எழுத்தில் கேட்கலாம்.

பணத்துக்கும் தலைவர் தேவையில்லை. மகாபொல இருக்கிறது. கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் வழியாக, 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளையும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவுகிறது. விண்ணப்ப அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும்போது வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேட்பவர் அரச உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள்.