சாமுண்டி மலை இறக்கமும் டிஸ்க் பிரேக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மைசூரு விஜயநகரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் கிளம்புகிறவர்களில் ஒரு கூட்டம் கே.ஆர்.எஸ். அணைப் பக்கம் போகும். இன்னொரு கூட்டம் ரிங் ரோட்டைப் பிடித்துச் சாமுண்டி மலைக்குப் போகும். இந்தக் கட்டுரை இரண்டாவது கூட்டத்துக்கு.

மலையுச்சி நகரத்தைவிடச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், அங்கிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 260 கிலோஜூல். முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாக இறங்கினால் அதில் நல்ல பங்கை எதிர்காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பெரும்பகுதி இரண்டு மெல்லிய டிஸ்குகளில்தான் வெப்பமாக இறங்கும். பஸ் டிரைவர் கியரைக் குறைத்து வண்டியை எஞ்சினின் பிடியில் இறக்குவார். சைக்கிளில் எஞ்சின் ஏது?

ஹைட்ராலிக் பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. லீவரை அழுத்தினால் ஹோஸில் இருக்கும் ஆயில் கேலிபரின் பிஸ்டன்களைத் தள்ளும். அவை பேடுகளை டிஸ்க்மேல் அழுத்தும். திரவம் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். ஹோஸுக்குள் காற்று புகுந்தாலும், ஆயிலில் கலந்த தண்ணீர் கொதித்து ஆவியானாலும், நம் விரலின் பலம் பிஸ்டனைத் தொடாமல் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே வீணாகும். கீழே உள்ள நம்பிக்கைகளில் பலவற்றுக்குப் பதில் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதான். ஸ்கூட்டருக்கு ஊற்றுவதையே சைக்கிளுக்கும் ஊற்றலாம்.

உண்மை: இதுதான் அதிக நாசம் செய்யும் நம்பிக்கை. ஸ்கூட்டரிலும் காரிலும் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 வகை. கிளைக்கால் ஈதரை அடிப்படையாகக் கொண்டது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா நிறுவனங்களின் சைக்கிள் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான். ஸ்ராம் நெடுங்காலம் டாட் ஆயிலையே பயன்படுத்தியது; அதன் டிபி8, மேவன் போன்ற மாடல்கள் மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. ஆகவே கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. லீவர் அருகே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், இல்லையென்றால் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும், பிஸ்டன் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். கழுவி ஊற்றிச் சரிசெய்யும் கோளாறு அல்ல அது; பெரும்பாலும் பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். தையல் மெஷின் எண்ணெய், குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய் இரண்டும் மினரல் ஆயில்தானே என்பார்கள். அவற்றின் அடர்த்தியும் சேர்மானமும் வேறு. சூடேறும்போது அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நம்பிக்கை: டாட் எண் கூடக் கூட ஆயில் உயர்ந்தது, டாட் 4-க்குப் பதில் டாட் 5 ஊற்றினால் இன்னும் நல்லது.

உண்மை: டாட் 5 சிலிக்கோன், டாட் 4-ம் டாட் 5.1-ம் கிளைக்கால் ஈதர் வகை. 5-க்கும் 5.1-க்கும் எண்ணில்தான் நெருக்கம், ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

நம்பிக்கை: ஆயில் கசியாதவரை மாற்றத் தேவையில்லை.

உண்மை: டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூடிய பிரேக்குக்குள்ளும் ஹோஸ், சீல் வழியாக ஈரம் மெல்ல நுழையும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால் டாட் பிரேக்குக்கு வருடம் ஒருமுறை புது ஆயில் நல்லது. மினரல் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது. அந்த நல்ல குணத்திலேயே ஒரு ஆபத்தும் உண்டு. உள்ளே போன சொட்டுத் தண்ணீர் கலக்காமல், பிரேக்கின் தாழ்வான இடமான கேலிபரில் போய்த் தங்கும். அதிகம் சூடாவதும் அதே இடம்தான். 100 டிகிரியை ஒட்டி அது கொதிக்கும். லீவர் பஞ்சு போல அமுங்கினாலோ ஆயில் கறுத்தாலோ மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: லீவர் அமுங்கினால் மேலே கொஞ்சம் ஆயில் ஊற்றினால் போதும்.

உண்மை: பேடு தேயத் தேய பிஸ்டன்கள் முன்னே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், லீவரோடு இருக்கும் மேல்தொட்டியில் அளவு குறையும். இது இயல்பு. அப்போது ஆயிலை நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேடு போடப் பிஸ்டனைப் பின்னே தள்ளினால் அந்த ஆயிலுக்குப் போக இடமிருக்காது. முதலில் பேடின் தடிமனைப் பாருங்கள். ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், டிஸ்க் 1.5 மில்லிமீட்டராக மெலிந்தால் அதையும். பேடு நன்றாக இருந்தும் லீவர் அமுங்கினால் ஏர் எடுக்க வேண்டும். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி, பிஸ்டன்களை உள்ளே தள்ளி, நடுவே பிளீட் பிளாக் என்னும் இடைக்கட்டையைச் செருகுங்கள். ஷிமானோவில் லீவரின் மேல் திருகைக் கழற்றிப் புனல் பொருத்தி, கேலிபர் நிப்பிளிலிருந்து சிரிஞ்சால் ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ளுவார்கள். நிப்பிளை எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திறந்தால் போதும். புனலில் குமிழ்கள் ஒவ்வொன்றாக வரும். நின்றுவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ஹோஸை விரலால் தட்டி, கைப்பிடியைச் சற்றுச் சாய்த்து, லீவரை மெல்ல அசைத்தால் மூலையில் ஒட்டியிருந்த குமிழ்கள் இன்னும் சில வரும்.

நம்பிக்கை: சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் பிரேக் கெட்டுவிடும்.

உண்மை: ஏர் சுத்தமாக எடுத்த பிரேக்குக்குக் கவிழ்ப்பதால் ஒன்றும் ஆகாது. மேல்தொட்டியில் காற்று இருந்தால் கவிழ்க்கும்போது அது ஹோஸுக்குள் நகரும். பஞ்சர் ஒட்டி நிமிர்த்திய பிறகு லீவர் அமுங்குகிறதென்றால், காற்று முன்பே உள்ளே இருந்தது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றியபின் லீவரை மட்டும் அழுத்தாதீர்கள். பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்.

நம்பிக்கை: கிறீச்சென்று சத்தம் வந்தால் ஒரு சொட்டு எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடித்தால் அடங்கும்.

உண்மை: சத்தத்தோடு பிரேக்கும் அடங்கிவிடும். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பேடு அதைக் குடித்துக்கொள்ளும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடை அடுப்பில் சுட்டு மீட்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். புதுப் பேடு போட்டதும் போக்குவரத்து இல்லாத சமதளத் தெருவில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைப்பதை இருபது தடவை போலச் செய்யுங்கள். பேடும் டிஸ்க்கும் அப்போதுதான் ஒன்றுக்கொன்று பதியும்.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி மைசூரு சைக்கிள்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி இறக்கத்தில் முதல்முறையாகப் பிரேக்கைச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. வீட்டு வாசலிலேயே லீவரை இறுக்கி அரை நிமிடம் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் அன்று மலைக்குப் போகாதீர்கள். வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தால், ஊற்றப்போகும் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கித் தரும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்: எந்த ஆயில் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத கையில் உங்கள் பிள்ளையின் பிரேக்கைக் கொடுக்காதீர்கள்.